வலி ஊசி

காய்ச்சல் மாத்திரை என்றால் காய்ச்சலைக் குறைக்கிற மாத்திரை. இருமல் மருந்து என்றால் இருமலை நிறுத்துகிற மருந்து. தலைவலித் தைலம், சளி டானிக், வாந்தி மாத்திரை எல்லாமே அப்படித்தான். முப்பத்தொரு வருஷமாக இந்த இலக்கணத்தை நம்பி வாழ்ந்தவள் நான். அதனால் ராத்திரி ஒரு மணிக்கு லேபர் வார்டில் சிஸ்டர் வந்து, "மேடம் வலி ஊசி போடச் சொல்லிட்டாங்க, கையை நீட்டும்மா" என்றபோது அவரைக் கும்பிடாத குறையாகக் கையை நீட்டினேன்.

பிள்ளை பெற்றவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். பிரசவ அறைக்குள் மட்டும் அந்த இலக்கணம் தலைகீழ். அங்கே வலி ஊசி என்றால் வலியை வரவழைக்கிற ஊசி. மருந்தின் பெயர் ஆக்ஸிடோசின். குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். கருப்பை இன்னும் வேகமாக, இன்னும் இறுக்கமாகச் சுருங்கும். எனக்கு இது தெரிய இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும், "பரவாயில்லையே, முதுகில் குத்தாமல் கையிலேயே போட்டுவிட்டார்களே" என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிள்ளைக்கு ஒன்றரை வயசாகிறது, வீடு முழுக்க ஓடுகிறான். ஆனால் போன வாரம் ஒரு தோழி போன் செய்தாள். அவளுக்கு இது ஏழாம் மாசம். "எபிடியூரல் போட்டுக்கப் போறேன், நீயும் போட்டுக்கிட்டல்ல, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். வலி தெரியாமலிருக்க முதுகில் போடுகிற அந்த ஊசியை நான் போட்டுக்கொள்ளவில்லை என்றேன். "ஏன்?" என்றாள். நாற்பது நிமிஷம் பேசியும் அந்த ஏனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. போனை வைத்த பிறகு ராத்திரி முழுக்கத் தூக்கமும் வரவில்லை.

நான் வலிக்குப் பயந்தவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பல் பிடுங்கப் போன அன்று டாக்டர் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே மயங்கி விழுந்தவள். அதனால் பிரெக்னன்ஸி கிட்டில் இரண்டு கோடு தெரிந்த வாரமே எபிடியூரல் என்று முடிவு செய்துவிட்டேன். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதால் சென்னையை விட்டுத் திருச்சிக்கு வருவதும் முடிவான விஷயம். வளைகாப்பு முடிந்து உறையூருக்கு வந்த கையோடு, எபிடியூரல் வசதி இருக்கிறது என்று போர்டே வைத்திருந்த ஓர் ஆஸ்பத்திரியில் பதிவு செய்தோம். எட்டாம் மாசம் அங்கே வந்துபோகிற மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தேன். பொறுமையான மனிதர். ஒரு பழைய பேப்பரின் பின்பக்கம் முதுகெலும்பைப் படமாகப் போட்டே விளக்கினார்.

இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகளுக்கு நடுவே ஊசியை இறக்குவார்களாம். தண்டுவடத்தை மூடியிருக்கும் உறையைக் குத்தாமல் அதற்கு வெளியிலேயே நிறுத்தி, மெல்லிசான ஒரு பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டுவிட்டு ஊசியை உருவிவிடுவார்கள். குழாய் மட்டும் முதுகில் ஒட்டியிருக்கும். அதன் வழியாக மரத்துப்போகிற மருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். குழாயைப் பொருத்த பத்துப் பதினைந்து நிமிஷம், மருந்து வேலை செய்ய இன்னொரு பதினைந்து இருபது நிமிஷம். பிரஷர் இறங்கலாம், அதற்காகக் கூடவே இருந்து பார்ப்பார்கள். ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு உறையில் ஓட்டை விழுந்து சில நாள் கடுமையான தலைவலி வரலாம். ரத்தத்தில் தட்டணு குறைவாக இருந்தால் போடமாட்டார்கள். எனக்கு எடுத்துப் பார்த்ததில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு நூறு வாங்கியபோதுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை. கையெழுத்துப் போட்டேன். ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 'எபிடியூரல்' என்று எழுதி அடிக்கோடும் போட்டார்கள்.

வீட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலிதான்" என்றார் என் அத்தை, அதாவது மாமியார். இதைச் சொல்லாத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. போட்டுக்கொண்டவர்களையும் போட்டுக்கொள்ளாதவர்களையும் வைத்து ஆராய்ச்சியெல்லாம் செய்து பார்த்துவிட்டார்கள், நாள்பட்ட முதுகுவலிக்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தம் தெரியவில்லை. பிள்ளை பெற்றால் இடுப்பு வலிக்கும். குனிந்து நிமிர்ந்து தூக்கிப் பால் கொடுத்தால் இன்னும் வலிக்கும். பழி ஊசிக்கு.

அம்மா எதிர்க்கவில்லை, ஆனால் சிரித்தாள். அம்மா தன் இரண்டு பிரசவத்தையும் தமாஷாகத்தான் சொல்வாள். எண்பத்தெட்டில் அண்ணன், தொண்ணூற்றொன்றில் நான். இரண்டும் அரசு ஆஸ்பத்திரியில், எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். ஒரே ஹாலில் வரிசையாக மேஜைகள், மறைப்புக்குத் துணிகூட இல்லை, கத்துகிறவர்களை "அப்ப இனிச்சுது, இப்ப கசக்குதா" என்று திட்டுகிற ஆட்கள். "நான் கத்தவே இல்லைடி. பக்கத்து மேஜைக்காரி கத்துன கத்துல எனக்குத்தான் காது அடைச்சுப்போச்சு" என்று முடிப்பாள். கல்யாண வீடுகளில் இந்தக் கதைக்கு ஒரு கூட்டமே உண்டு.

தூக்கம் வராத ஒன்பதாம் மாச ராத்திரிகளில் வலி மருந்தின் கதையைப் படித்துக்கொண்டே கிடப்பேன். எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்ஸன் என்ற டாக்டர் 1847இல் பிரசவத்துக்கு முதலில் ஈதரையும், அதே வருஷக் கடைசியில் குளோரோஃபார்மையும் கொடுத்துப் பார்த்தார். வலியோடு பெற வேண்டும் என்று பைபிளிலேயே இருக்கிறதே என்று ஒரு கூட்டம் சண்டைக்கு வந்தது. சண்டையைப் பெரும்பாலும் முடித்துவைத்தது விக்டோரியா மகாராணி. 1853 ஏப்ரலில் அவருடைய எட்டாவது பிள்ளைக்கு ஜான் ஸ்னோ என்ற டாக்டர் கைக்குட்டையில் குளோரோஃபார்மைத் தெளித்துத் தெளித்து 53 நிமிஷம் முகரவைத்தார். அடுத்த வருஷம் லண்டனில் ஒரு தெருப் பம்பிலிருந்துதான் காலரா பரவுகிறது என்று காட்டினாரே, அதே ஸ்னோ. ஏழு பிள்ளையை வெறுமனே பெற்ற பிறகு மகாராணி மருந்து கேட்டு வாங்கினார் என்பதும், ஒன்பதாவதற்கும் விடாமல் கேட்டு வாங்கினார் என்பதும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 1921இல் ஃபிடல் பகேஸ் என்ற ஸ்பெயின் நாட்டு ராணுவ டாக்டர் இடுப்பு வழியாக எபிடியூரல் கொடுக்கும் முறையை எழுதிவைத்தார். நூறு வருஷப் பழைய சங்கதி. உறையூரில் 2022இல் ஒருத்திக்குக் கிடைக்காமலா போய்விடும்?

தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. டிசம்பர் மாசம், சாயங்காலத்திலிருந்தே இடுப்பில் ஒரு கடுப்பு. அம்மா சூட்டு வலி என்றாள். சீரகத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். சூட்டு வலியாக இருந்தால் அடங்கிவிடும், அடங்காவிட்டால் இதுதான் அது. அம்மாவின் டெஸ்ட் அவ்வளவுதான், சொல்லப்போனால் அது மோசமான டெஸ்டும் இல்லை. அடங்கவில்லை. பத்தரைக்குப் பனிக்குடம் உடைந்தது. வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் குரோம்பேட்டையிலிருந்து தாம்பரத்துக்கு ஓடி, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டு பெட்டியில் ஏறிவிட்டேன் என்று மெசேஜ் போட்டார். அண்ணன் காரை எடுத்தான்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே கால். டியூட்டி டாக்டர் கைவைத்துப் பார்த்துவிட்டு நாலு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்றார். ஃபைலைக் காட்டி, சிவப்பு மையைக் காட்டி, எபிடியூரல் என்றேன். "தெரியும்மா, அனஸ்தடிஸ்ட்டுக்குச் சொல்லியாச்சு. வேற ஒரு எமர்ஜென்ஸி சிசேரியன்ல இருக்கார். அரை மணி நேரத்துல வந்துருவார்."

அந்த அரை மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டே முக்காலுக்கு அது அரை மணி நேரம். ஒன்றேகாலுக்கும் அரை மணி நேரம். இரண்டு மணிக்கும் அதே அரை மணி நேரம்தான். எங்கே இருக்கிறார் என்று அண்ணன் வெளியே சண்டை போட்டு விசாரித்ததில் காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் ஒரு நர்ஸிங் ஹோமில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்தச் சமயம் காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்காக மூடி வைத்திருந்தார்கள், திருச்சிக்காரர்களுக்கு ஞாபகமிருக்கும், மார்ச் மாசம்தான் திறந்தார்கள். அந்தக் கரையில் வேலை முடிந்தாலும் பைபாஸ் பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் இந்தக் கரைக்கு வர வேண்டும்.

இதற்கு நடுவேதான் வலி ஊசி. பனிக்குடம் உடைந்து நேரமாகிறது, வலி சீராக இல்லை, அதனால் ஆக்ஸிடோசின் போட்டார்கள். மருத்துவக் காரணம் சரியாகவே இருக்கலாம். ஆனால் இன்றைக்கும் என் மனசில் முள்ளாக நிற்பது அந்தச் சொட்டு மருந்துதான். வலியை ஏற்றுகிற மருந்து கைக்கு எட்டுகிற அலமாரியிலேயே இருந்தது. அதை ஏற்ற ஒரு சிஸ்டர் போதும். இறக்குகிற மருந்துக்கு ஆற்றைத் தாண்டி ஆள் வர வேண்டும். ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிந்த பிறகு சொட்டை ஆரம்பித்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. அப்போது எது என்ன மருந்து என்றே எனக்குத் தெரியாதே!

ஒன்றரைக்கு மேல் வந்த வலி வேறு ஜாதி. அலை மாதிரி வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அலையாக வரவில்லை. ஈரத் துணியை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழிவார்களே, இடுப்புக்குள் அப்படி. ஒரு நிமிஷம் பிழிந்துவிட்டு விடும். விட்ட இரண்டு நிமிஷத்தில் உலகம் சாதாரணமாக இருக்கும். சுவரில் மருந்துக் கம்பெனி விளம்பரம் போட்ட கடிகாரம் ஓடும், ஃபேன் கிறீச்சிடும், பக்கத்து அறையில் யாரோ டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். மறுபடி பிழியும். அந்த இரண்டு நிமிஷம் ஒன்றரையாகி, ஒன்றாகி, கடைசியில் இல்லாமலே போனது. வாந்தி எடுத்தேன். குளிரே இல்லாமல் பல் கிடுகிடுத்தது. சொட்டு மருந்தோடு இன்னொரு ஊசி போட்டார்கள். ஆவலோடு கேட்டேன், அது வாய் திறப்பதற்காம். கருப்பை வாய்.

இரண்டே காலுக்கு ஏழு சென்டிமீட்டர். அப்போது நான் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். "கிழிச்சு எடுத்துருங்க மேடம்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். என் டாக்டர் அதற்குள் வந்துவிட்டிருந்தார். "எல்லாம் நல்லா போயிட்டிருக்கு, பேபி ஹார்ட் பீட் சூப்பரா இருக்கு, எதுக்கும்மா கிழிக்கணும்?" என்றார். சரியான பதில். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அறுவைச் சிகிச்சை வேண்டும் என்பதற்காகவா நான் கேட்டேன்? அதோடுகூட மரத்துப்போகிற ஊசி வருமே, அதற்காகக் கேட்டேன். இப்படிக் கெஞ்சுகிறவர்களைப் பற்றி "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பொறுமையே இல்லை, அவளுகளே கேட்டு ஆபரேஷன் பண்ணிக்கிறாளுக" என்று பேசுவதை நானும் கேட்டிருக்கிறேன், தலையாட்டியும் இருக்கிறேன்.

அந்த அறையில் எனக்கு உண்மையாகவே ஒத்தாசை செய்தது ஓர் ஆயாம்மா. அறுபது வயசிருக்கும், வெற்றிலை வாசம். அம்மாவை உள்ளே விடவில்லை. கவர்மென்ட் ஆஸ்பத்திரிகளிலேயே இப்போது துணைக்கு ஒரு பெண்ணை விடுகிறார்கள், இங்கே விடவில்லை. ஆயாம்மா என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, உள்ளங்கையின் அடிப்பக்கத்தை என் முதுகின் கீழ் எலும்பில் வைத்து, ஒவ்வொரு வலிக்கும் தன் உடம்புக் கனத்தையெல்லாம் சேர்த்து அழுத்தினார். வலி போகவில்லை. ஆனால் வலிக்கு ஒரு எதிர்ப்பக்கம் கிடைத்தது. "கத்தாத கண்ணு. கத்துனா மூச்செல்லாம் மேல போயிரும். கீழ விடு. ம்ம்ம்னு கீழ விடு." மற்றவர்கள் என்னைக் கத்தாதே என்றபோது வாயை மூடு என்றுதான் எனக்குக் கேட்டது. இவர் சொன்னபோது மட்டும் அது வழி சொல்வதாகக் கேட்டது. ஒரு வலிக்கும் அடுத்ததற்கும் நடுவே, "அவரு வர மாட்டாரு கண்ணு. வந்தாலும் அதுக்குள்ள புள்ள வந்துரும். நாம பாத்துக்குவோம்" என்றார்.

அந்த ராத்திரியில் எனக்கு உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். வேடிக்கையைப் பாருங்கள், அதைக் கேட்ட பிறகுதான் கொஞ்சம் தெம்பு வந்தது. அதுவரை ஒவ்வொரு வலியிலும் பாதிக் கவனம் கதவில் இருந்தது. செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கினேன். இன்னும் ஒரு வலி, அதற்குள் வந்துவிடுவார், இன்னும் ஒன்று. வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் நடக்கவும் மாட்டார். பஸ் இல்லை என்று சொல்லிவிட்டால் நடந்துவிடலாம்.

மூன்று மணி பத்து நிமிஷத்துக்குக் கதவு திறந்து மயக்க மருந்து டாக்டர் வந்தார், கையில் பை, தலை கலைந்து, சட்டையில் வியர்வை. அப்போது எனக்குப் பத்து சென்டிமீட்டர், தலை இறங்கியிருந்தது. என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். "இப்ப குழாய் போட்டு மருந்து வேலை செய்யறதுக்குள்ள குழந்தை பொறந்துரும்மா. உங்களால ஆடாம உக்காரவும் முடியாது" என்றார். பிறகு, "சாரிம்மா" என்றார். நான் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டியதாக அண்ணன் சொல்கிறான், வெளியே கேட்டதாம். எனக்கு ஞாபகம் இல்லை. திட்டியிருந்தால் மன்னிக்கட்டும். அந்தக் கரையில் ஒருத்திக்குக் குழந்தையின் துடிப்பு இறங்கி அவசரமாக எடுத்திருக்கிறார்கள், அங்கேயும் அவர்தான். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அங்கேதான் இருந்திருப்பேன்.

முக்கச் சொன்னார்கள். முக்கினேன். அதில் எழுத ஒன்றும் இல்லை. முக்குவது வலியைவிட எளிது, செய்ய ஒரு வேலை இருந்தது. தலை தெரிகிறது என்றார்கள், எரிந்தது, வெட்டினார்கள், வெட்டியதே தெரியவில்லை. மூன்று முப்பத்தேழுக்குப் பிறந்தான். இரண்டு கிலோ எண்ணூறு. நெஞ்சில் வைத்தபோது சூடாக, வழுக்கலாக, கோபமாக இருந்தான். சிஸ்டர் ஏதோ எண்ணி, "ஒரு நிமிஷத்துல எட்டு, அஞ்சு நிமிஷத்துல ஒம்பது" என்று எழுதினார். அப்கார் ஸ்கோர். நிறம், துடிப்பு, மூச்சு என்று பார்த்துப் பிறந்த பிள்ளைக்குப் போடுகிற முதல் மார்க். அதைக் கண்டுபிடித்த வர்ஜீனியா அப்கார் நியூயார்க்கில் மயக்க மருந்து டாக்டராக இருந்தவர். 1952இல் அந்த மார்க் முறையைக் கொண்டுவந்தார். ஆக என் பிரசவத்துக்கு ஒரு அனஸ்தடிஸ்ட் நேரத்துக்கு வந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

தையல் போடுவதற்கு முன்னால் மரத்துப்போக ஊசி போட்டார்கள். அந்த ராத்திரி முழுவதிலும் வலி குறைக்க எனக்குப் போட்ட ஒரே ஊசி. "வலிக்குதாம்மா?" என்று கேட்டுக் கேட்டு, இன்னும் கொஞ்சம் மருந்து விட்டுத்தான் தைத்தார் டாக்டர். தையலுக்கு அவ்வளவு அக்கறை. அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. பிள்ளையைப் பார்த்த சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

விடிந்ததும் வீட்டுக்காரர் வந்தார், ரயில் புழுதியோடு. பிறகு சொந்தக்காரர்கள். "சுகப்பிரசவமாமே!" இந்த வார்த்தையை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. கத்தி வைக்காமல் பிறந்தால் சுகம். யாருக்குச் சுகம் என்று கேட்கக்கூடாது. "ஊசியும் போடலையாமே, அந்தக் காலத்து மனுஷி மாதிரி பெத்துட்டா", "பாத்தியா, உன்னால முடிஞ்சிருச்சுல்ல", "நல்லவேளை அவரு லேட்டா வந்தாரு". அத்தை ஊரெல்லாம் போன் போட்டு, "எங்க மருமக ஊசி மருந்து எதுவும் வேணாம்னுட்டா" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. மூன்று மணி நேரம் வேண்டும் வேண்டும் என்று கதறினேன். என் வாயில் வராத வார்த்தைக்கு எனக்கு மாலை போட்டார்கள்.

தங்கள் விருப்பப்படி மருந்தில்லாமல் பெற்றுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மாசக்கணக்காக மூச்சுப் பயிற்சி செய்து, கூட ஆள் வைத்துக்கொண்டு, தெரிந்தே அந்த வழியில் போகிறவர்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. நான் செய்தது அதுவல்ல. விரதம் இருக்கிறவரும் சோறு கிடைக்காதவரும் ஒன்றா?

ஒன்றரை மாசம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். போர்டில் எழுதியிருக்கிறீர்களே, ராத்திரிக்கு ஆள் இல்லை என்று எட்டாம் மாசமே சொல்லியிருக்கலாமே? "அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சே" என்றார். பில்லில் மயக்க மருந்துக் கட்டணம் என்று ஒரு வரி இருந்ததை அண்ணன் டிஸ்சார்ஜ் அன்றே பிடித்து அடிக்கவைத்திருந்தான். அதைச் சொன்னதும் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பிறகு விசாரித்ததில் எனக்குப் புரிந்தது இது. நம்மூரில் பல தனியார் ஆஸ்பத்திரிகளில் மயக்க மருந்து டாக்டர் அங்கேயே இருப்பவர் அல்ல. நாலைந்து இடங்களுக்குக் கூப்பிட்டால் போகிறவர். சிசேரியனுக்கு முதுகில் ஒரே ஊசி போட்டால் சில நிமிஷத்தில் மரத்துப்போகும், ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து அவர் அடுத்த இடத்துக்குக் கிளம்பலாம். பிரசவ வலிக்கான எபிடியூரல் அப்படியல்ல. போட்டுவிட்டுப் போக முடியாது. பிரஷர் பார்க்க, மருந்தைக் கூட்டிக் குறைக்க, எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ கூப்பிடு தூரத்தில் ஆள் இருந்தாக வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம். கிழிப்பதற்காக முதுகில் ஊசி போட இவ்வளவு பேருக்கு ஆள் கிடைக்கிறது. கிழிக்காமல் பெறுகிறவள் கேட்டால், அரை மணி நேரத்தில் வந்துருவார். எனக்கு வலிக்கிறது, மருந்து வேண்டும் என்று ஒரு பெண் கேட்பதே மருந்து கொடுக்கப் போதுமான மருத்துவக் காரணம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமும் மயக்க மருந்து மருத்துவர் சங்கமும் சேர்ந்தே சொல்லியிருக்கின்றன. நான் தனியாகக் கெஞ்சியிருக்க வேண்டியதில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது.

தோழிக்கு நான் போனில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது இதுதான். எபிடியூரல் இருக்கிறதா என்று கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு யார் போடுவார், அவர் வீடு எங்கே, அவர் வேறு கேஸில் இருந்தால் அடுத்தவர் யார் என்று கேள். அவர் வருவதற்குள் தாங்க முடியாவிட்டால் வேறு என்ன கொடுப்பீர்கள் என்று கேள். வலி ஊசி ஏற்றுவதற்கு முன்னால் எனக்குச் சொல்லுங்கள் என்று ஃபைலிலேயே எழுதச் சொல், சிவப்பு மையில் வேண்டுமானாலும். உள்ளே உன்கூட யார் இருப்பார் என்று கேள். முதுகில் அழுத்துவதற்கு உன் வீட்டுக்காரருக்குக் கற்றுக்கொடு. இவ்வளவுக்கும் பிறகும் கிடைக்காமல் போகலாம். மருந்து இல்லாமல் பிள்ளை பிறக்குமா என்றால் பிறக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சித்திரையில் பிள்ளைக்கு ஐந்தாம் மாசம் நடந்தபோது அம்மா தாயுமானவர் கோயில் வேண்டுதலை முடிக்க வேண்டும் என்றாள். சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் வைப்பதாக எனக்குத் தெரியாமல் வேண்டியிருக்கிறாள். அண்ணன் தாரைத் தோளில் தூக்கிக்கொண்டான், நான் பிள்ளையை. மலைக்கோட்டைப் படியில் பாதி ஏறும்போதே மூச்சு வாங்கியது. சன்னதிக்கு முன்னால் உட்கார்ந்து அம்மா கதை சொன்னாள், நூறு தடவை கேட்ட கதைதான். ரத்னாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குப் பேறுகாலம். பூம்புகாரிலிருந்து கிளம்பி வந்த அவள் அம்மா, காவிரியில் வெள்ளம் வந்ததால் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டாள். இங்கே இவள் துடிக்க, சிவபெருமானே அம்மா உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து நின்றபோது வீட்டில் இரண்டு அம்மா. சித்திரைத் திருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் என்று இதை நடத்தியே காட்டுவார்கள்.

ஆற்றுக்கு அந்தக் கரையில் மாட்டிக்கொண்ட ஆள். எனக்குச் சிரிப்பு வந்தது. வெற்றிலை வாசத்தோடு என் முதுகை அழுத்தியது யாராக இருக்கும் என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் கேட்டது வேறு.

"ஏம்மா, சாமியே வந்தாரே, அவளுக்கு வலி குறைஞ்சுதாமா?"

"அதெல்லாம் கதையில இல்லைடி" என்றாள் அம்மா.

பிள்ளை தாரிலிருந்து ஒரு காயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அம்மா அவன் விரலை ஒவ்வொன்றாக விடுவித்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"உங்கண்ணன் பொறந்தப்ப நானும் கேட்டேன். ஏதாவது ஊசி போடுங்களேன்னு."

இது கல்யாண வீட்டுக் கதையில் ஒருநாளும் வந்ததில்லை.

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க" என்றாள். அண்ணன் தாரைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நகர்ந்துவிட்டிருந்தான். அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.